பழைய கைபேசியை ரூட் செய்வதும் மீட்பதும்: வாசகர் கேள்வி–பதில்

பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளை ரூட் செய்வது பற்றியும், செய்ததை நீக்குவது பற்றியும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களின் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 2014-ஆம் ஆண்டு இறுதியில் வாங்கிய மோட்டோ ஜி இரண்டாம் தலைமுறைக் கைபேசியை இன்னும் வைத்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் ஒருவாறு ஓடுகிறது; வெளியே போனால் இணையம் நகர்வதே இல்லை. பொள்ளாச்சியில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். ரூட் செய்துவிட்டால் புதிது போல ஓடும், ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றார்கள். ரூட் செய்தால் கைபேசி செத்துவிடும் என்கிறான் என் மகன். ரூட் என்பதுதான் என்ன?
– கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அம்மா, தாங்கள் எழுதியிருக்கும் குறையை ரூட் தீர்க்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் விற்ற எக்ஸ்டி1068 என்ற இரட்டைச் சிம் மாடல் 3ஜி-யோடு நின்றுவிட்ட கருவி. ஜியோ 2016-இல் சேவையைத் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான் கொடுத்தது. ஏர்டெல் 2019-இலிருந்து தன் 3ஜி சேவையைப் படிப்படியாக மூடிவிட்டது. ஆகவே ஏர்டெல் சிம் போட்டிருந்தால், வீட்டு வைஃபையின் எல்லையைத் தாண்டியதும் தங்கள் கைபேசி 2ஜி வேகத்துக்கு இறங்கிவிடும். வைஃபையில் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை என்று தாங்களே எழுதியிருப்பது இதற்குப் போதுமான சான்று. கருவிக்குள் இல்லாத 4ஜி வசதியை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தராது.

இனி ரூட் என்பது என்ன என்று பார்ப்போம். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கெர்னல் என்ற மைய நிரலின்மேல் கட்டப்பட்டது. லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு இந்த ஏற்பாட்டைத் தனக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டு, நாம் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண்ணைக் கொடுத்து, ஒரு செயலியின் கோப்புகளை இன்னொரு செயலி பார்க்க முடியாதபடி பிரித்து வைக்கிறது. இவை அனைத்துக்கும் மேலே சுழியம் என்ற எண்ணுடைய ஒரு பயனர் உண்டு. அந்தப் பயனருக்குத்தான் ரூட் என்று பெயர். எதையும் படிக்கவும், மாற்றவும், அழிக்கவும் ரூட்டுக்கு உரிமை உண்டு. கைபேசி நிறுவனங்கள் அந்த உரிமையைக் கருவியை வாங்கியவரிடம் கொடுப்பதில்லை. அதை ஏதேனும் ஒரு வழியில் பெற்றுக்கொள்வதே ரூட் செய்தல்.

அந்த உரிமைக்கு உண்மையான தேவை இருந்த காலம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 2.2, 2.3 ஓடிய பல கைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அக்காலத்தில் பலர் ரூட் செய்து, ஆண்ட்ராய்டு மென்பொருள் இருக்கும் சிஸ்டம் பகுதிக்குள் இருந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துரு கொண்ட கோப்பை வைத்தார்கள். அப்படி வைத்த பின்னும் கொம்புகள் இடம் மாறி நின்று படிப்பவரைச் சோதித்தன. மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1-இல்தான் இயல்பு எழுத்துருவில் இடம்பெற்றன என்பதால், தமிழையும் மலையாளத்தையும் சேர்த்தே படிக்கும் தங்கள் பகுதியினருக்கு அந்தத் தொல்லை இன்னும் சற்று நீடித்தது. அந்தத் தேவை இன்று இல்லை. உள்நினைவகம் 4 ஜிபி மட்டுமே இருந்த கைபேசிகளில் செயலிகளை மெமரி கார்டுக்கு நகர்த்துவதற்காக ரூட் செய்தவர்களும் ஏராளம். தங்கள் கருவியில் 16 ஜிபி இருப்பதால் அந்தக் காரணமும் பொருந்தாது.

ரூட் செய்வதால் மட்டும் வேகம் கூடுவதில்லை. 1 ஜிபி ராம் ரூட்டுக்குப் பின்னும் 1 ஜிபி-தான். நிறுவனம் திணித்து அனுப்பிய வேண்டாத செயலிகளை நீக்கும்போதுதான் கொஞ்சம் வேகம் கிடைக்கிறது. அதற்கும் ரூட் கட்டாயமில்லை. கைபேசி அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக் கணினியோடு இணைத்து, ஏடிபி என்ற கூகுளின் இலவசக் கருவியைக் கொண்டு அச்செயலிகளைத் தங்கள் பயனர் கணக்கிலிருந்து அகற்றிவிடலாம். தவறிப்போனால் ஃபேக்டரி ரீசெட் செய்தவுடன் அவை திரும்ப வந்துவிடும் என்பதால் இதில் அச்சப்பட ஏதுமில்லை. ஆனால் மோட்டோ ஜி ஏறத்தாழக் கூகுளின் தூய ஆண்ட்ராய்டோடு வந்த கைபேசி. நீக்குவதற்கே அதில் அதிகமில்லை.

கடைக்காரர் மனத்தில் வைத்துச் சொன்னது ஒருவேளை கஸ்டம் ரோமாக, அதாவது நிறுவனம் அல்லாத பிறர் உருவாக்கிய மாற்று ஆண்ட்ராய்டு மென்பொருளாக இருக்கலாம். அது ரூட்டிலிருந்து வேறுபட்டது. நிறுவனம் ஆண்ட்ராய்டு 6.0-வோடு கைவிட்ட இந்தக் கைபேசிக்கு, லினேஜ் ஓஎஸ் குழு ஆண்ட்ராய்டு 7.1 அளவிலான மென்பொருளை உருவாக்கியது. அதை ஏற்ற ரூட் தேவையில்லை, கைபேசி எழும்போது முதலில் ஓடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறப்பதே தேவை. திறக்கும்போது கைபேசியிலுள்ள படங்களும் தகவல்களும் முழுவதும் அழிந்துவிடும். பாதி வேலையில் மின்சாரம் நின்றாலோ, வேறு மாடலுக்குரிய கோப்பை ஏற்றினாலோ கைபேசி எழாமல் கிடக்கும். தங்கள் மகன் அஞ்சுவது இதற்காகத்தான். பெரும்பாலான வேளைகளில் சரியான மென்பொருளை மீண்டும் ஏற்றி எழுப்பிவிடலாம். பூட்லோடரே சிதைந்துவிட்டால் சாதாரணக் கடையில் எழுப்ப இயலாது. பத்தாண்டு கடந்த பேட்டரியை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஐந்நூறு ரூபாயை அந்தக் கடையில் கொடுக்க வேண்டாம். ரூட் செய்யும் மென்பொருள்கள் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. மின்னூல் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் இந்தக் கைபேசியை வீட்டு வைஃபையிலேயே வைத்துக்கொண்டு, வெளியே எடுத்துச் செல்ல 4ஜி உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசைத்தறித் தொழில் செய்கிறேன். பழைய சாம்சங் ஜே7 கைபேசியை அண்ணன் மகனிடம் சில நாள் கொடுத்திருந்தேன். அவன் இணையத்திலிருந்து இறக்கிய, ஒரே சொடுக்கில் ரூட் செய்யும் செயலி ஒன்றைப் போட்டிருக்கிறான். இப்போது என் வங்கிச் செயலி, கைபேசி ரூட் செய்யப்பட்டுள்ளது என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. விளம்பரங்களும் தாமாக வந்து நிற்கின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்து பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. நூல் வியாபாரிகளுக்குப் பணம் அனுப்ப இந்தக் கைபேசியைத்தான் நம்பியிருக்கிறேன். பழையபடி மாற்ற வழி உண்டா?
– நகரி, ஆந்திரப் பிரதேசம்

பதில்: ஐயா, வழி உண்டு. அதற்கு முன்பாக, அந்தக் கைபேசி மீளும் வரை அதில் எந்த வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின் எண்ணையும் உள்ளிடாதீர்கள். ரூட் இருந்த காலத்தில் அவற்றை உள்ளிட்டிருந்தால், வேறொரு கைபேசியிலிருந்தோ வங்கிக் கிளைக்கு நேரில் சென்றோ இன்றே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே சொடுக்கில் ரூட் செய்யும் செயலிகள் கைபேசி மென்பொருளிலுள்ள பாதுகாப்பு ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. 2014 ஜூனில் வெளிவந்த டவல்ரூட் என்ற கருவி, லினக்ஸ் கெர்னலில் அப்போது கண்டறியப்பட்டிருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தித்தான் கேலக்ஸி எஸ்5 உள்ளிட்ட கைபேசிகளில் ரூட் உரிமையைப் பெற்றது. அப்படிப்பட்ட செயலி ஒரு கைபேசியில் வேலை செய்கிறது என்றால், அங்கே அடைக்கப்படாத ஓட்டை இருக்கிறது, கெட்ட எண்ணம் உடைய வேறொரு செயலியும் அதே வழியில் நுழையலாம் என்று பொருள். அதற்கு மேலும், முகம் தெரியாத ஒருவர் எழுதிய, மூல நிரல் வெளியிடப்படாத ஒரு செயலியிடம் கைபேசியின் முழு உரிமையையும் ஒப்படைத்திருக்கிறீர்கள். தாமாக வரும் விளம்பரங்களை வைத்துப் பார்த்தால், அது தன்னோடு வேறு செயலிகளையும் அழைத்து வந்திருக்க வாய்ப்பு மிகுதி.

ஃபேக்டரி ரீசெட் ஏன் உதவவில்லை என்பதைப் பல வாசகர்கள் கேட்பதால் சற்று விளக்குகிறோம். கைபேசியின் நினைவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு மென்பொருள் சிஸ்டம் என்ற பகுதியிலும், கெர்னலும் தொடக்கக் கோப்புகளும் பூட் என்ற பகுதியிலும், நம்முடைய செயலிகளும் தகவல்களும் டேட்டா என்ற பகுதியிலும் இருக்கின்றன. ரீசெட் அழிப்பது டேட்டா பகுதியை மட்டுமே. அது வாடகை வீட்டில் குடியிருந்தவரின் சாமான்களை வெளியேற்றுவது போன்றது. சுவரில் அவர் அடித்த ஆணி அப்படியே இருக்கும். பழைய முறை ரூட், சிஸ்டம் பகுதிக்குள் எஸ்யூ என்ற சிறு நிரலை வைத்துவிடுகிறது. ரீசெட் அந்தப் பக்கம் போவதே இல்லை.

நீக்கும் வழி, எந்தக் கருவியால் ரூட் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. செயின்ஃபயர் என்ற பெயரில் இயங்கிய நெதர்லாந்து நிரலாளர் உருவாக்கிய சூப்பர்எஸ்யூ இருந்தால், அதன் அமைப்புகளிலேயே முழு அன்ரூட் என்ற தெரிவு உண்டு. தங்கள் கைபேசியில் உள்ளது போன்ற ஒரே சொடுக்குச் செயலிகள் சிலவற்றிலும் ரூட்டை நீக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தலாம், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நம்ப வேண்டாம். தன்னை மறைத்துக்கொள்ளத் தெரிந்த ஒன்று தன்னை முழுவதும் அகற்றிக்கொண்டதாகச் சொல்வதை எப்படி ஏற்பது? நம்பத்தகுந்த வழி, சாம்சங்கின் மூல மென்பொருளை முழுமையாக மீண்டும் ஏற்றுவதுதான். சிஸ்டம் பகுதியும் பூட் பகுதியும் புதிதாக எழுதப்படும்போது முன்பு அங்கே இருந்தது எதுவும் மிஞ்சாது.

அதைத் திருத்தணியிலோ திருப்பதியிலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் செய்துகொள்வது தங்களுக்கு எளிது. கணினிப் பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஓடின் என்ற விண்டோஸ் மென்பொருளைக் கொண்டு அவரே செய்யலாம். அதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும், அல்லது கணக்கை முன்கூட்டியே கைபேசியிலிருந்து நீக்கிவிட வேண்டும், ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து வந்த பாதுகாப்பு ஏற்பாட்டால், இரண்டும் இல்லாதவர் மென்பொருள் ஏறிய பின் பூட்டிய வாசலில் நிற்க நேரும். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை சரிபார்க்க வேண்டும், ஏனெனில் ஜே7 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சிப் கொண்ட கைபேசிகள் பல உண்டு. கைபேசியை அணைத்துவிட்டு, ஒலி குறைக்கும் பொத்தான், ஹோம் பொத்தான், பவர் பொத்தான் மூன்றையும் ஒருசேர அழுத்தினால், மென்பொருள் ஏற்றுவதற்கான டவுன்லோட் நிலை வரும். பழைய மாடல்களுக்கு மென்பொருள் ஒரே கோப்பாகவும், பிந்தையவற்றுக்கு பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என நான்கு கோப்புகளாகவும் கிடைக்கும். ஓடினில் உள்ள ரீபார்ட்டிஷன் என்ற கட்டத்தை எக்காரணத்தைக் கொண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. சிஎஸ்சி கோப்புக்குப் பதிலாக ஹோம் சிஎஸ்சி கோப்பைக் கொடுத்தால் தகவல்கள் அழியாமல் இருக்கும். ஆனால் தங்கள் கைபேசியில் சந்தேகத்துக்குரிய செயலிகள் இருப்பதால், எல்லாம் அழிவதே நல்லது. படங்களை மட்டும் முன்னதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செயலிகளை வேண்டாம்.

சாம்சங்கில் இன்னொன்றும் உண்டு. 2013-இலிருந்து வந்த பல மாடல்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் பகுதியாக, சிப்புக்குள் ஒரு மின் உருகி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத பூட் கோப்பையோ, ரெக்கவரி என்ற மீட்புப் பகுதியின் கோப்பையோ ஏற்றினால் அது உருகிவிடும். பிறகு எந்த அன்ரூட்டும் அதை ஒட்டவைக்காது. அப்படிப்பட்ட கைபேசியில் சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் போன்றவை என்றென்றைக்கும் இயங்கா. வங்கிச் செயலிகளில் பெரும்பாலானவை இந்த உருகியைப் பார்ப்பதில்லை என்பதால் தங்கள் தேவைக்கு இது தடையாகாது. மேலும், ஓட்டை வழியாக நுழைந்த ரூட் பல நேரங்களில் அந்த உருகியைத் தொடுவதே இல்லை.

இவ்வளவுக்குப் பின்னும் எங்கள் எண்ணம் ஒன்றைச் சொல்லவேண்டும். நிறுவனம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட அந்தக் கைபேசியில், மீட்ட பின்பும் அதே ஓட்டை திறந்துதான் இருக்கும். நூல் கொள்முதல் அளவுக்குப் பணம் புழங்கும் கணக்கை அதில் வைத்திருப்பது சரியில்லை.

கேள்வி: கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறேன். அப்பா பயன்படுத்தி முடித்த ரெட்மி நோட் 4 சும்மா கிடக்கிறது. கற்றுக்கொள்வதற்காக அதை ரூட் செய்து பார்க்க விரும்புகிறேன். திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவேண்டும் என்பதே என் கவலை. எப்படித் தொடங்குவது?
– சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: தம்பி, ரூட் செய்வதற்குப் பொருத்தமான ஆளும் பொருத்தமான கைபேசியும் இதுதான். இந்தியாவில் 2017 ஜனவரியில் வந்த ரெட்மி நோட் 4-இல் ஸ்னாப்டிராகன் 625 சிப் இருக்கிறது. மிடோ என்பது அதன் குறிப்பெயர். கோப்புகளைத் தேடும்போது அந்தக் குறிப்பெயரையே நம்பு, ஏனெனில் ரெட்மி நோட் 4 என்ற பெயரில் மீடியாடெக் சிப் கொண்ட வேறொரு கைபேசி சீனத்தில் விற்கப்பட்டது, அதன் கோப்பு இதற்கு ஆகாது.

திரும்பி வரும் வழியை முதலில் அமைத்துக்கொள். கைபேசியில் இப்போது ஓடும் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பதிப்பின் முழு ஃபாஸ்ட்பூட் தொகுப்பை, அதாவது கணினி வழியாகக் கைபேசியில் ஏற்றக்கூடிய மூல மென்பொருளை, கணினியில் இறக்கி வை. அதற்குள்ளேயே மாற்றப்படாத பூட் கோப்பும் இருக்கும். அந்தக் கோப்பு கையில் இல்லாமல் எந்த அடியும் எடுத்துவைக்காதே. ரூட் செய்துவிட்டுப் பிறகு மூலக் கோப்பைத் தேடி அலைபவர்களின் கடிதங்கள்தான் எங்களுக்கு மிகுதியாக வருகின்றன.

அடுத்தது பூட்லோடர். ஷாவ்மியில் இதற்கு மி கணக்கு ஒன்றைக் கைபேசியோடு பிணைத்து, நிறுவனத்தின் மி அன்லாக் கருவியைக் கணினியில் ஓட்ட வேண்டும். உடனே திறக்காது, காத்திருக்கச் சொல்லும், 168 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. காத்திருக்கும்போது மி கணக்கைக் கழற்றி மாட்டினால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும், ஆகவே பொறுமையாக இரு. திறக்கும்போது தகவல்கள் அழியும்.

ரூட்டுக்கு மேஜிஸ்க் போதும். ஜான் வூ என்ற நிரலாளர் 2016-இல் வெளியிட்ட இக்கருவி, சிஸ்டம் பகுதியைத் தொடாமல் பூட் கோப்பில் மட்டும் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இப்போதைய பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 6.0 வேண்டும், உன் கைபேசி 6.0-வோடு வந்து 7.0-க்கு ஏறியது என்பதால் தடையில்லை. கணினியிலுள்ள பூட் கோப்பின் நகலைக் கைபேசிக்கு அனுப்பி, மேஜிஸ்க் செயலியில் அதைத் தேர்ந்தெடுத்து ஒட்டுப்போடச் சொன்னால் புதிய பூட் கோப்பு ஒன்று உருவாகும். அதைக் கணினிக்குக் கொண்டுவந்து, கைபேசியை ஃபாஸ்ட்பூட் நிலையில் வைத்து, பூட் பகுதியில் ஏற்றினால் ரூட் கிடைத்துவிடும். கைபேசி எழவில்லை என்றால் பதற வேண்டாம். மாற்றப்படாத பூட் கோப்பை அதே வழியில் ஏற்றினால் பழையபடி எழும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், தகவல் கடத்தும் நல்ல கேபிளைப் பயன்படுத்து. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளால் நாள் முழுவதையும் வீணடித்தவர்கள் உண்டு.

டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியை ஏற்றுவது கட்டாயமில்லை. ஏற்றினால், முதல் வேலையாக இஎஃப்எஸ் பகுதியை நகலெடுத்துக் கணினியில் வைத்துவிடு. ஐஎம்இஐ என்ற கைபேசி அடையாள எண்ணும் வலைத்தொடர்பு அளவீடுகளும் அந்தப் பகுதியோடு தொடர்புடையவை. அது கெட்டால் சிம் போட்டும் சிக்னல் வராது. ஒரு கைபேசியின் நகலை இன்னொரு கைபேசியில் ஏற்றக் கூடாது.

மீட்பது இதைவிட எளிது. மேஜிஸ்க் செயலியில் அன்இன்ஸ்டால் தெரிவுக்குள் மூலக் கோப்புகளை மீட்கும் வழியும் முழுமையாக நீக்கும் வழியும் இருக்கின்றன. செயலியை மட்டும் சாதாரணமாக நீக்குவதால் ரூட் நீங்காது, பூட் பகுதியிலுள்ள ஒட்டு அப்படியே கிடக்கும் என்பதைக் கவனி. கைபேசியை யாருக்காவது கொடுக்கப் போகிறாய் என்றால், முழு ஃபாஸ்ட்பூட் தொகுப்பையும் ஏற்றி, அது சரியாக எழுந்து ஓடுவதைப் பார்த்த பிறகே பூட்லோடரை மறுபடி பூட்டு. மாற்றம் செய்யப்பட்ட மென்பொருள் உள்ளே இருக்கும்போது பூட்டினால், கைபேசி தன் மென்பொருளைத் தானே ஏற்க மறுத்து நின்றுவிடும். நன்றாக இருந்த கைபேசிகள் கெடுவது ரூட் செய்யும்போதைவிட இந்தக் கடைசி அவசரத்தில்தான்.

கேள்வி: ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 5.1 ஓடும் பழைய கைபேசியில் புற்றடி, போடி ஏல விலைகளை ஒரு இணையத்தளத்தில் பார்ப்பது வழக்கம். சில காலமாக, இணைப்பு பாதுகாப்பானதன்று என்று சொல்லித் தளம் திறக்க மறுக்கிறது. ரூட் செய்து புதிய சான்றிதழைப் போட்டால் சரியாகும் என்கிறார் தோட்டத்துக்கு வரும் ஒரு பையன். செய்யலாமா?
– வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்

பதில்: முதலில் கைபேசியில் தேதியும் ஆண்டும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பேட்டரி முற்றிலும் தீர்ந்து எழும் பழைய கைபேசிகள் சில, ஆண்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்போதும் இதே எச்சரிக்கைதான் வரும். தேதி சரியாக இருந்தால், அந்தப் பையன் நோயைச் சரியாகவே கண்டிருக்கிறார், மருந்துதான் தேவைக்கு மேல் போய்விட்டது.

உலகின் ஏராளமான இணையத்தளங்களுக்கு தளம் உண்மையானது என்று உலாவிக்கு உறுதிசெய்யும் மின்சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்குகிறது. அதன் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கைபேசிகளின் நம்பகப் பட்டியலில் இல்லை. வேறொரு பழைய சான்றிதழின் துணையோடு 2024 வரை சமாளித்தார்கள். அந்த ஏற்பாடு முடிந்ததும் பழைய கைபேசிகளில் அத்தளங்கள் திறப்பது நின்றுவிட்டது. சிஸ்டம் பகுதியிலுள்ள பட்டியலில் அந்தச் சான்றிதழைச் சேர்க்க ரூட் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் பயனர் பட்டியல் என்று இன்னொன்றும் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து அந்தச் சான்றிதழ்க் கோப்பை மகனோ மகளோ தம் கைபேசியில் இறக்கி உங்களுக்கு அனுப்பட்டும். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, நினைவகத்திலிருந்து நிறுவும் தெரிவின் வழியாகச் சேர்த்துவிடலாம். திரைப்பூட்டுப் போடச் சொல்லிக் கேட்கும். பிணையம் கண்காணிக்கப்படலாம் என்ற அறிவிப்பும் அவ்வப்போது வரும். அது நாமே சேர்த்த சான்றிதழைக் குறித்தது என்று தெரிந்துகொண்டால் போதும். ஆண்ட்ராய்டு 5.1-இல் குரோம் இதை ஏற்றுக்கொள்ளும்.

அதுவும் தொல்லை என்று தோன்றினால் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் போட்டுப் பாருங்கள். கைபேசியின் பட்டியலை நம்பாமல் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே கொண்டுவருவது அது. அதன் புதிய பதிப்புகள் ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழே வருவதில்லை என்றாலும், விலை பார்க்கும் அளவுக்குப் பழைய பதிப்பே போதும். வங்கித் தளத்தை மட்டும் அதில் திறக்க வேண்டாம். ஒரு விலைப்பட்டியலுக்காகக் கைபேசியின் முழு உரிமையையும் திறந்துவைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: களியக்காவிளைச் சந்தைப் பக்கம் பழைய கைபேசிகளை மலிவாக விற்கிறார்கள். வாங்குமுன் அது ரூட் செய்யப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்

பதில்: கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். பூட்லோடர் திறந்திருந்தால், எழும்போது அதைச் சொல்லும் எச்சரிக்கையோ திறந்த பூட்டின் படமோ பல மாடல்களில் சில நொடிகள் தோன்றும். பழைய சாம்சங் என்றால், டவுன்லோட் நிலைக்குக் கொண்டுபோய், நாக்ஸ் என்ற வரிக்கு எதிரே சுழியம் இருக்கிறதா, ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்; ஒன்று என்றால் மேலே சொன்ன நாக்ஸ் உருகி உருகிவிட்டது. அடுத்து பிளே ஸ்டோரின் அமைப்புகளில், அதைப் பற்றிய பகுதியில், கருவி சான்றளிக்கப்பட்டதா என்று எழுதியிருக்கும். ரூட் செக்கர் வகைச் செயலிகளும் உண்டு. ஆனால் மேஜிஸ்க் போன்றவை தம்மை மறைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், இல்லை என்று அவை சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ரூட்டைவிட நீங்கள் அஞ்சவேண்டியது ஐஎம்இஐ மாற்றத்துக்கு. *#06# என்று தட்டினால் திரையில் வரும் எண், பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த மாடலுக்கு உரிய எண், தடைசெய்யப்பட்டதா என்ற விவரம் திரும்பி வரும். கையிலிருப்பது ஒரு மாடலாகவும் பதிலில் வருவது வேறொரு மாடலாகவும் இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் கைபேசியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெட்டியும் ரசீதும் இல்லாத கைபேசியை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எங்கள் ஊரில் கேரள சிம் போட்டிருந்தும் கைபேசி அடிக்கடி தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்கிறது, பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. ரூட் செய்தால் கட்டுப்படுத்தலாமா?
– மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்

பதில்: ரூட் தேவையில்லை. அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் நிலையை நிறுத்திவிட்டுப் பட்டியலைத் தேடச் சொன்னால், ஒரே நிறுவனத்தின் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு தொலைத்தொடர்பு வட்டங்களும் தனித்தனியே வரும், ஏனெனில் ஒவ்வொரு வட்டத்துக்கும் வேறு பிணைய எண் உண்டு. கேரள வட்டத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் தாவுவது நிற்கும், அதனால் ஆகும் பேட்டரிச் செலவும் குறையும். பொள்ளாச்சிப் பக்கம் போகும்போது மறக்காமல் தானியங்கு நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லையைக் கடந்து சற்றுத் தூரம் போனதும் அழைப்பே வராது.